விளையாட்டும் வயதும்

இளமையில் உணவையும் உறக்கத்தையும் மறந்து ஆடிய ஆட்டம், வயது ஏறியபின் சிறிது நேரத்திலேயே சலித்துப்போவது பலரும் தம் வாழ்வில் கண்ட உண்மை. முன்பு இவ்வுண்மை கோலிக்கும் பம்பரத்திற்கும் பட்டத்திற்கும் உரியதாக இருந்தது. இன்று வீடியோ விளையாட்டிற்கும் உரியதாகிவிட்டது. 1972ஆம் ஆண்டில் 'பாங்' என்னும் ஆட்டம் வந்தது. 1980ஆம் ஆண்டில் 'பேக்மேன்' வந்தது. அந்நாளில் அவற்றை ஆடிய சிறுவர் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டனர். வீடியோ விளையாட்டோடு வளர்ந்து முதுமையை எட்டிய முதல் தலைமுறை இதுவே. ஆகலின், வயதிற்கும் இவ்விளையாட்டிற்கும் உள்ள உறவை ஆராய்தற்கு இது தக்க காலம் எனலாம்.

ஆர்வம் குறைந்தவர்களைக் காரணம் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. "நான் வளர்ந்துவிட்டேன், அது சிறுபிள்ளைத்தனம்" என்பது ஒன்று. "அந்தக் காலத்து ஆட்டம்போல் இன்று ஏது?" என்பது மற்றொன்று. முன்னது ஆடியவனை உயர்த்துகிறது. பின்னது ஆட்டத்தைத் தாழ்த்துகிறது. இரண்டும் சொல்வோர்க்கு இனிமை தருவன. ஆயினும் இரண்டும் ஆராய்ச்சிக்கு நில்லா. இதனை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்று விட்டுவிடுதற்கும் இல்லை. இவ்விடைகளை உள்ளத்திற் கொண்டவர்களே பெற்றோராகவும் ஆசிரியராகவும் அமர்ந்து, இன்றைய சிறுவரின் ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுகின்றனர். தீர்ப்பு நேராக அமைய வேண்டுமானால், முதலில் காரணம் நேராக அமைதல் வேண்டும்.

விளையாட்டிற்கு வயதுண்டா?

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு சிறுவர்க்கே உரியது, வளர்ந்தோர்க்கு அஃது இழுக்கு என்னும் கருத்திற்குத் தொல்காப்பியத்தில் ஆதரவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உவகை தோன்றும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறுகிறார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன அவை. பொருளோடும் அறிவோடும் காதலோடும் விளையாட்டை ஒரே வரிசையில் வைத்தார் அவர். மற்ற மூன்றும் வளர்ந்தோர் வாழ்விற்கு உரியனவாக இருக்க, விளையாட்டு மட்டும் குழந்தைக்கு உரியது என்று பிரித்துக்கொள்ள இடமில்லை. மேலும், கணவனும் மனைவியும் ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி, ஊரெல்லை கடந்து சென்று இன்புறுதற்கும் உரியர் என்று கற்பியலில் கூறுகிறார். இல்லறப் பொறுப்பை ஏற்றபின்னும் விளையாட்டு விலக்கப்படவில்லை. இலக்கணமே அதற்கு இடம் தந்திருக்கிறது.

இதே கருத்திற்கு மேலைநாட்டிலும் துணையுண்டு. நெதர்லாந்து நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹைசிங்கா 1938ஆம் ஆண்டில் 'ஹோமோ லூடன்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மனிதனின் பண்பாடே விளையாட்டின் வடிவில் தோன்றி வளர்ந்தது என்பது அவர் கொள்கை.

பிள்ளைத்தமிழையும் இங்கே நினைத்தல் தகும். பத்துப் பருவங்களில் ஒவ்வொன்றிற்கும் ஒரு செயல் அமைந்திருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில், சிற்றில் சிதைத்த பிள்ளையே பின்னர்ச் சிறுபறை கொட்டுகிறான். சிறுபறை கொட்டியவனே சிறுதேர் உருட்டுகிறான். தேர் உருட்டும் பிள்ளை இனிச் சப்பாணி கொட்டவில்லையே என்று புலவர் வருந்துவதில்லை. ஒன்று நீங்கினால் மற்றொன்று வரும் என்பதே அந்நூல்களின் அமைப்பு. ஆகவே, வளர்ச்சி என்பது ஆட்டம் மாறுவதற்குக் காரணமாகலாம். ஆட்டமே இல்லாமற் போவதற்கு அது காரணமாகாது.

இன்றைய நிலையைப் பாருங்கள். வீடியோ விளையாட்டைச் சிறுபிள்ளைத்தனம் என்று விட்டவர், அந்நேரத்தில் நூல் கற்கிறாரா? பலர் கைத்தொலைபேசியில் துணுக்குப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து நள்ளிரவாக்குகின்றனர். இதனை முதிர்ச்சி எனல் எங்ஙனம் பொருந்தும்?

கை தளர்ந்ததா?

வேறு சிலர், வயது ஏறக் கையின் விரைவு குறைகிறது. அதனால் தோல்வி மிகுகிறது. தோல்வி மிகவே ஆர்வம் குறைகிறது என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. கனடாவிலுள்ள சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'ஸ்டார்கிராப்ட் 2' என்பது நொடிப்பொழுதில் முடிவெடுத்துப் படை நடத்தும் ஆட்டம். அதனை ஆடிய, 16 முதல் 44 வயது வரையுள்ள 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். திரையில் ஒன்றைக் கண்டு அதற்கேற்பச் செயற்படும் விரைவு 24 வயது அளவிலேயே குறையத் தொடங்குகிறது என்று கண்டனர்.

ஆனால், அவ்வாய்வு அத்தோடு நிற்கவில்லை. மூத்தவர்கள் விரைவில் இழந்ததை வேறு வகையில் ஈடு செய்வதாகவும் அவர்கள் கருதினர். எளிய கட்டளைகளைக் கையாளுதல், குறுக்கு விசைகளைத் திறமாகப் பயன்படுத்துதல் முதலியன அவ்வழிகள். கை தளர்ந்த இடத்தில் அறிவு வந்து தாங்குகிறது என்பது இதன் பொருள். அன்றியும், வீடியோ விளையாட்டுகளெல்லாம் விரைவை வேண்டுவன அல்ல. 1991ஆம் ஆண்டில் வந்த 'சிவிலைசேஷன்' போன்ற ஆட்டங்கள் சதுரங்கம்போல் முறைவைத்து ஆடப்படுவன. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிந்திக்கலாம். அத்தகைய ஆட்டங்களிலும் வயது ஏறச் சலிப்பு ஏற்படுகிறதன்றோ? ஆகவே, கையின் தளர்ச்சி துணைக்காரணமாகலாம், முதற்காரணம் ஆகாது.

கற்றலும் சலித்தலும்

இனி, இரண்டாம் விடைக்கு வருவோம். இன்றைய ஆட்டங்கள் கெட்டுவிட்டன என்பது மெய்தானா? 'அல்ட்டிமா ஆன்லைன்' என்னும் ஆட்டத்தை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவராகிய ராப் காஸ்டர், 2004ஆம் ஆண்டில் ஆட்டத்தின் இன்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்டத்தில் நாம் பெறும் இன்பம் கற்றலின் இன்பமே என்பது அவர் முடிவு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் ஒழுங்கு மறைந்திருக்கிறது. அதனைக் கண்டுபிடிக்கும் வரையில் மனம் ஈடுபடுகிறது. முழுதும் கண்டுகொண்டபின் மனம் விலகுகிறது. சலிப்பு என்பது, இங்கே கற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று மனம் தரும் அறிவிப்பே.

இக்கொள்கைக்கு 'டெட்ரிஸ்' சிறந்த சான்று. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்குவதே ஆட்டம். 1989ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் வீட்டுக் கருவிக்கென இதனை வெளியிட்டது. அதில் 29ஆம் கட்டத்தோடு மனிதக் கை தோற்றுவிடும் என்றே நெடுங்காலம் எண்ணினர். பின்னர் வந்த இளைஞர்கள் புதிய முறைகளைக் கண்டனர். கட்டுப்படுத்தும் கருவியின் பின்புறத்தைப் பல விரல்களால் மாறி மாறித் தட்டுதல் அவற்றுள் ஒன்று. 2023ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் கட்டத்தை எட்டினான். அங்கே ஆட்டம் தானே உறைந்து நின்றது. 34 ஆண்டுகளாக எவரும் நேரில் ஆடிக் காணாத எல்லை அது. தன் வயதினும் இருமடங்கிற்கு மேல் மூத்த ஆட்டத்தில் அச்சிறுவனுக்கு ஆர்வம் பிறந்ததேன்? ஆட்டம் பழையது, ஆயினும் கற்பதற்கு அதில் புதியது இருந்தது. அவ்வளவே.

இதனைத் திருப்பிப் பார்த்தால் நம் சலிப்பின் காரணமும் விளங்கும். நாற்பது வயதுடைய ஒருவர் இருபது ஆட்டங்களை ஆடித் தீர்த்தவர். இருபத்தோராவது ஆட்டத்தைத் தொட்டவுடன், அதன் புறத்தோற்றத்திற்கு உள்ளே பழைய எலும்புக்கூட்டைக் கண்டுவிடுகிறார். இங்கே ஒரு சாவியைத் தேட வேண்டும். அங்கே ஒரு காவலனை வெல்ல வேண்டும். அதன்பின் கதவு திறக்கும். துப்பறியும் நாவல்களில் ஊறிய வாசகர், மூன்றாம் இயலிலேயே கொலையாளி யாரென்று சொல்லிவிடுவது போன்றது இது. நாவல் கெட்டுவிட்டது என்று அவர் கூறினால், அது திறனாய்வு ஆகாது. அந்நாவலை முதல் நாவலாகப் படிக்கும் மாணவனுக்கு அந்தக் கொலையாளி இன்னும் மறைந்தே இருக்கிறான்.

தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆத்திசூடியை முப்பதாம் ஆண்டாகக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அதில் புதுமை தோன்றாமலிருக்கலாம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அஃது அன்றுதான் பிறந்தது. தம் சலிப்பைக் குழந்தையின் மேல் ஏற்றாமல் கற்பிப்பதே ஆசிரியத் தொழிலின் அருமை. அந்த அருமையை வகுப்பறையில் காட்டுகின்ற நாம், மாணவனின் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஆயம் எங்கே?

எனினும், கற்றல் ஒன்றினால் மட்டும் எல்லாம் விளங்கிவிடாது. பல்லாங்குழியின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் வேண்டும்? இருந்தும் அறுபதிலும் எழுபதிலும் அதனைச் சலிக்காமல் ஆடும் மூதாட்டியர் உளர். அதற்கு இனமாகிய மலாய்க்காரரின் சொங்காக் ஆட்டமும், தாயமும், சதுரங்கமும் அத்தகையன. இவை நிலைப்பதேன்? இவ்வினாவிற்கு விடை தருவது புறநானூறு.

புறநானூற்றின் 243ஆம் பாட்டு, தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. பாட்டில் வரும் ஊன்றுகோலே புலவர்க்குப் பெயராயிற்று. இருமலுக்கிடையே சில சொற்களே பேசக்கூடிய முதியவர் ஒருவர், கோலூன்றி நடுங்கி நின்று, தம் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டிய நாள். குளிர்ந்த பொய்கையில் ஆடிய பெண்களோடு கைகோத்து ஆடிய நாள். ஒளிவும் வஞ்சமும் அறியாத தோழர் கூட்டத்தோடு திரிந்த நாள். நீரருகே தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க, ஆழமான மடுவில் பாய்ந்து மூழ்கி அடிமணலை அள்ளி வந்த நாள். அந்த இளமை இரங்கத்தக்கது, அஃது இப்போது எங்கே உள்ளதோ என்று முடிக்கிறார்.

இப்பாட்டில் இரண்டு செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு உரியன. முதலாவது, அம்முதியவர் சொல்லாமல் விட்டவை. "அதெல்லாம் சிறுபிள்ளைத்தனம்" என்று அவர் கூறவில்லை. "இன்றைய குளங்கள் அன்றுபோல் இல்லை" என்றும் கூறவில்லை. நாம் மேலே கண்ட இரண்டு பொய்விடைகளுக்கும் அவர் இடம் தரவில்லை. இரண்டாவது, அவர் நினைவில் ஆட்டத்தை விட ஆயமே நிறைந்திருக்கிறது. மடுவில் பாய்வதும் மணல் அள்ளுவதும் தனியே ஒருவன் செய்யக்கூடியவை. ஆனால், கரையில் நின்று வியப்பவர் இல்லையென்றால், அந்த மணலைக் கொண்டுவந்து யாரிடம் காட்டுவது? அடிமணல் என்பது ஆழம்வரை சென்றதற்குச் சான்று. சான்று என்று ஒன்றிருந்தால், அதனைக் காண்போரும் இருத்தல் வேண்டும்.

1979ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆஸ்டராய்ட்ஸ்' என்னும் ஆட்டம், மிகுந்த புள்ளி பெற்றவர் தம் பெயரைக் குறிக்க மூன்று எழுத்துகளைத் திரையில் பதித்துச் செல்ல இடம் தந்தது. அந்த மூன்றெழுத்தும் ஒரு பிடி அடிமணலே. மறுநாள் அதே கூடத்திற்கு வரும் தோழர் கண்டு வியத்தற்காகவே அது பதிக்கப்பட்டது. அத்தோழர் ஒருவர் வேலைக்குச் சென்று, ஒருவர் மணம் முடித்து, ஒருவர் வேற்றூர்க்குப் பெயர்ந்தபின், அதே புள்ளியை மீண்டும் எடுத்தால் என்ன சுவை இருக்கும்? ஆட்டம் அங்கேயே இருக்கிறது. கரையில்தான் எவரும் இல்லை.

நேரமும் இத்தோடு சேர்ந்து போகிறது. இன்றைய பெரிய ஆட்டங்கள் பல நாள், பல வாரம் தொடர்ந்து ஆட வேண்டியவை. வேலையும் குடும்பமும் உடையவர் மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஆட்டத்தைத் திறந்தால், எங்கே நின்றோம், எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகிறது. பல்லாங்குழிக்கு இக்குறை இல்லை. எந்த நேரமும் தொடங்கலாம். எந்த நேரமும் நிறுத்தலாம். எதிரில் ஒருவர் அமர்ந்து பேச்சுக் கொடுப்பார். 2006ஆம் ஆண்டில் நின்டெண்டோ வெளியிட்ட 'வீ' கருவியின் பந்துருட்டும் ஆட்டம் மேலைநாட்டு முதியோர் இல்லங்களில் விரும்பி ஆடப்பட்டதற்கும் இவையே காரணம் எனலாம். ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். பத்துப்பேர் சூழ்ந்து நின்று சிரிக்கலாம்.

இழந்ததைப் படைத்தல்

புறநானூற்றைத் தொகுத்தோர் இப்பாட்டிற்கு வகுத்த துறை கையறுநிலை. இறந்தோரை நினைந்து இரங்கும் துறை அது. இங்கே இறந்தவர் எவரும் இல்லை; கழிந்துபோன இளமைக்கே இரங்கல் பாடப்பட்டது. இத்துறை வகுத்தவரின் நுட்பம் போற்றத்தக்கது.

இதற்கு இணையாக வைத்து எண்ணத்தக்க ஒரு படைப்பு வீடியோ விளையாட்டிலும் உண்டு. சிகெரு மியாமோட்டோ என்பவர் 1952ஆம் ஆண்டில் பிறந்தவர். சப்பானில் கியோட்டோவை அடுத்த சொனோபே என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அங்குள்ள காடுகளிலும் குன்றுகளிலும் அலைந்து, ஒரு குகையைக் கண்டு, விளக்கேந்தி அதனுள் சென்ற நினைவை அவரே பலமுறை கூறியிருக்கிறார். 1986ஆம் ஆண்டில் அந்நினைவிலிருந்து 'தி லெஜெண்ட் ஆப் செல்டா' என்னும் ஆட்டம் பிறந்தது. ஆடுபவன் வழிகாட்டியின்றிக் காட்டில் விடப்படுகிறான். எதிரே ஒரு குகை வாயில் தெரிகிறது.

இரு படைப்பும் கழிந்த இளமையையே பொருளாகக் கொண்டவை. புலவர் இழந்ததை நினைந்து இரங்கினார்; மியாமோட்டோ இழந்ததை மீண்டும் கட்டிப் பிறர் கையில் கொடுத்தார். கொடையளவில் பின்னது பெரிது. உண்மையளவில் முன்னதே பெரிது என்பது என் கருத்து. ஆட்டம் குகையைத் தந்தது. உடன் வந்து நிற்கும் தோழனை அதனால் தர இயலவில்லை. பாட்டோ எதையும் மீட்டுத் தரவில்லை. ஆயினும் இழந்தது இன்னதென்று பிழையின்றிச் சொல்லிற்று.

குறையாத ஆர்வம்

ஆர்வம் குறைவது இயல்பானால், அஞ்சத்தக்கது யாது? குறைந்தபின்னும் விட இயலாமையே. இன்றைய ஆட்டங்கள் சில, முடிவே இல்லாமல் அமைக்கப்படுகின்றன. நாள்தோறும் வந்தால் பரிசு. ஒருநாள் தவறினால் இழப்பு. கற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நிலையிலும் கை தானே இயங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் திருத்தம் 2022ஆம் ஆண்டு நடப்பிற்கு வந்தபோது, விளையாட்டுக் கோளாறும் அதில் இடம்பெற்றது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்றெல்லாவற்றிற்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு கண்டும் தொடர்தல் என்பன அதன் அடையாளங்கள். இத்தனை மணிநேரம் ஆடினால் நோய் என்று அது வரையறுக்கவில்லை.

அரசுகளோ பெரும்பாலும் மணிக்கணக்கையே நம்பின. தென்கொரியா 2011ஆம் ஆண்டில் 16 வயதிற்குட்பட்டோர் நள்ளிரவிற்குப் பின் கணினியில் இணையவழி ஆடுதலைத் தடுத்தது. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அச்சட்டத்தை நீக்கியது. சீனா 2021ஆம் ஆண்டில், 18 வயதிற்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணையவழி ஆடலாம் என விதித்தது. கடிகாரம் நேரத்தை அளக்கும். பிள்ளை மகிழ்ந்து ஆடுகிறானா, மகிழ்ச்சி போனபின்னும் ஆடுகிறானா என்பதனை அளக்காது. அதனை அறிய அருகிருந்து கேட்பார் ஒருவர் வேண்டும்.

அவ்வாறு கேட்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு உண்டு. "வீடியோ விளையாட்டின் நன்மை தீமைகள்" என்பது நம் பள்ளிகளில் பழகிப்போன கட்டுரைத் தலைப்பு. அதற்கு மாணவர் எழுதும் விடையும் பழகிப்போனதே. கண் கெடும், காலம் வீணாகும் என்று நாம் விரும்புவதை எழுதித் தருகின்றனர். அதற்கு மாறாக, இரண்டு வினாக்களைக் கொடுத்துப் பார்க்கலாம். நீ ஆடும் ஆட்டம் ஒன்றை, அதனைக் கண்டறியாத ஒருவர்க்கு விளங்குமாறு எழுது என்பது முதல் வினா. விதியை வரிசைப்படுத்தவும், காரணத்தைப் பிரித்துக் காட்டவும், இல்லாத சொல்லுக்குத் தமிழில் சொல் தேடவும் இதில் பயிற்சி உண்டு. முன்பு விரும்பி ஆடி இப்போது நீ விட்டுவிட்ட ஆட்டம் எது, ஏன் விட்டாய் என்பது இரண்டாம் வினா.

இரண்டாம் வினாவிற்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமும் விடை இருக்கும். எட்டு வயதில் ஆடியது அவனுக்கும் சலித்திருக்கும். உடன் ஆடிய நண்பன் வேறு பள்ளிக்குச் சென்றிருப்பான். அக்கட்டுரையைத் திருத்த அமரும் ஆசிரியர், தம் அனுபவத்திற்கும் மாணவன் அனுபவத்திற்கும் வேறுபாடு பெரிதாக இல்லை என்பதனைக் காண்பார். அதன்பின் அவர் ஆட்டத்தைப் பற்றிக் கூறும் அறிவுரையை மாணவனும் செவிகொடுத்துக் கேட்பான்.